கடலின் சூடும் மலையின் கணக்கும்

மலைநாட்டில் மண் சரியுந்தோறும் 'இயற்கையின் சீற்றம்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. 'தலைவிதி' என்கிறாள் லயத்து மூதாட்டி. இரண்டும் ஒரு பொருளையே தருகின்றன: இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் எவருமில்லை. இக்கூற்றை நாம் ஏற்கலாமா?

நுவரெலியாவிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆயினும் ஹட்டன் சரிவுகளில் விழும் மழை கடல் தந்ததே. வெப்பமண்டல இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு 1951க்கும் 2015க்கும் இடையில் ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் சூடேறியுள்ளது. வடக்கே ஆசியா மதிலாக நிற்பதால் அவ்வெப்பம் அத்திசையில் வெளியேற வழியில்லை. சூடும் எங்கும் ஒருபடித்தன்று. மேற்குப் பகுதி சூடேறிச் சுமாத்திராவை அண்டிய கிழக்குப் பகுதி குளிரும் ஆண்டுகளில் நமது தீவில் ஐப்பசி, கார்த்திகை மழை மிகும். கிழக்காபிரிக்காவில் வெள்ளம், அவுஸ்திரேலியாவில் வறட்சி. 2019இல் இது மிக வலுவாக நிகழ்ந்தது. அன்றியும், நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடே பருவக்காற்றை இழுத்து வருவது. கடல் சூடேற அவ்வேறுபாடு குறைந்து, தென்மேல் பருவக்காற்றுத் தளரக்கூடும். காற்றோ, 1 பாகை சூடேறினால் சுமார் 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்குகிறது. எனவே மழை வேண்டிய நாளில் வானம் பொய்க்கும்; பெய்யும் நாளில் கொட்டித் தீர்க்கும்.

வானம் பொய்த்தால் கொழுந்து குறையும். நிர்ணயித்த நிறை எட்டாத பெண்ணுக்கு அரைப்பேர்தான் விழும். கொட்டித் தீர்த்தாலோ மலையே இறங்கும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் புதையுண்டன. 2025 நவம்பரில் டித்வா புயலில் நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். மலையகத்து மண்சரிவுகளே பெரும்பலி கொண்டன. ஒரு தனிப் புயலுக்குப் புவி வெப்பத்தை மட்டும் காரணங்காட்டுதல் அறிவியலன்று. ஆனால் சூடான கடல் புயலுக்கு நீரூட்டுகிறது என்பதில் ஐயமில்லை.

புகை விட்டவர் கோடிக்கணக்கானோர் ஆயிற்றே, யாரைக் குற்றஞ்சொல்வது என்பர் சிலர். ஆளுக்கொரு குடம் பால் ஊற்றச் சொன்ன அரசன் கதையை நாம் அறிவோம். எல்லோரும் தண்ணீரை ஊற்றியதால் எவரும் குற்றவாளியல்லர் என்று அக்கதை சொல்லவில்லையே! மேலும், இங்கே குடங்களும் சமமல்ல. அமெரிக்கர் ஒருவர் ஆண்டொன்றுக்குச் சராசரி 14 தொன் அளவு கரியமிலவாயு வெளிவரக் காரணமாகிறார். இலங்கையர் ஒருவர் ஏறக்குறைய ஒரு தொன். மின்குமிழ் ஒன்றிரண்டு எரியும் லயத்து அறையின் பங்கு எவ்வளவென்று சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும் குற்றத்தை முழுவதும் கடல்கடந்தோர் தலையிற் சுமத்திவிட்டு உள்ளூரார் ஒதுங்க விடுதல் ஆகாது. வெப்பம் பலர் செய்தது. அச்சரிவில் அக்குடும்பம் குடியிருக்க நேர்ந்தது சிலர் செய்தது. மீரியபெத்தை மக்களுக்கு முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரித்துவிட்டால் கடமை தீர்ந்ததா? செல்லுமிடம் இல்லாதவனிடம் 'போ' என்பது என்ன அறம்? வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஒன்று வகுத்தார். முன்னதை மட்டும் தொழிலாளிக்கு ஓதுவோர், பின்னதற்கு வேண்டிய காணியை அவனுக்குக் கொடுக்கவில்லை.

2022இல் எகிப்தில் கூடிய உலக மாநாடு, காலநிலையால் நேரும் இழப்புக்கு ஈடுசெய்ய ஒரு நிதியம் அமைக்க இணங்கியது. நன்று. அப்பணம் நாளை கொழும்பை வந்தடையலாம். ஆனால் தோட்டக் காணிகளிற் பெரும்பகுதி அரசினுடையது. 1992 முதல் கம்பனிகளின் முகாமையில் உள்ளது. லயமும் தோட்டத்துச் சொத்தே. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தவளின் அறை மண்ணுள் போனால், இழப்புப் பத்திரத்தில் யார் பெயரை எழுதுவார்கள்?