கழித்தலும் கொடுத்தலும்

தனக்கு வேண்டாத பொருளைப் பிறர்க்குக் கொடுப்பவன் கொடையாளி ஆவானா? இவ்வினா, நமது மேசை இழுப்பறையைத் துப்புரவு செய்த ஒரு மாலைப்பொழுதில் எழுந்தது. அதனுள் மூன்று பழைய மின்னேற்றிகள் சுருண்டு கிடந்தன. அவற்றிற்குரிய கைப்பேசிகளுள் ஒன்றேனும் அங்கில்லை. எங்குச் சென்றன என்று எண்ணிப் பார்க்குங்கால், மூன்றும் நம் அன்னையாரின் கைக்கே சென்றிருந்தமை புலனாயிற்று. ஒவ்வொரு முறையும் நாம் அதனை அன்பளிப்பு என்றே சொல்லி வந்தோம்.

நாம் கீழ்ப் பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். அன்னையார் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர்; சுங்கை சிப்புட்டுக்கு அருகில் சிறு வீட்டில் தனியே வாழ்கிறார். 2008இல் முதற் சம்பளம் வாங்கியதும் பட்டணத்துக் கடையில் ஒருவர் விற்றுச் சென்ற நோக்கியா 1100 ஒன்றை வாங்கினோம். 2003இல் வெளிவந்து உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விலைபோன கருவி அது. அதன் தலையில் ஒரு சிறு விளக்குண்டு. விடியுமுன் பெரட்டில் பெயர்களைப் படிக்க அவ்வொளி நமக்குப் போதியதாயிருந்தது.

2011இல் ஆங்கில எழுத்துப் பொத்தான்கள் நிறைந்த வேறொரு கைப்பேசி வாங்கினோம். நோக்கியா அன்னையாருக்குப் போயிற்று. 2014இல் தொடுதிரை கொண்டதை வாங்கினோம்; பொத்தான் கைப்பேசி அன்னையாருக்குப் போயிற்று. அவரோ தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை மட்டும் படித்தவர். “நல்லா இருக்குய்யா” என்று மகிழ்ந்து வாங்கி, துணியிற் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, நோக்கியாவிலேயே பேசி வந்தார். அதன் பொருள் யாதென அன்று நாம் சிந்திக்கவில்லை.

தொடுதிரைக் கருவியால் நமக்கு ஒரு பெரும்பேறும் வாய்த்தது. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் அவர்கள் ஆக்கிய செல்லினம் 2005இலேயே கைப்பேசிக்கு வந்திருந்தது. நாம் அதனைக் கண்டுகொண்டது ஒன்பது ஆண்டு கழித்தே. ஆங்கிலப் படிப்பிற் பழகிய விரல்கள் முதன்முறையாகத் தாய்மொழியிற் செய்தி எழுதின. எனினும், அச்செய்தியைப் படிக்கத்தக்க கருவி அன்னையாரிடம் இல்லை. 2019இல் நாம் புதியதொன்றை வாங்கிய பின்னரே அத்தொடுதிரை அவர் கைக்குச் சென்றது. “பழையது இனி எதற்கம்மா?” என்று நோக்கியாவையும் எடுத்து அப்புறப்படுத்தினோம்.

நான்கு ஆண்டுகள் நன்றாய்ச் சென்றன. பேத்தியின் படம் நாள்தோறும் போகும், “சாப்பிட்டாளா?” என்று தமிழில் விடை வரும். 2023 அக்டோபர் இறுதியில் விடை நின்றது. தொலைபேசியில் அழைத்தபோது வழக்கம்போற் பேசினார்; நாமும் அதுபற்றிக் கேட்டோமில்லை. தோட்டத்திற்கும் ஊருக்கும் இடையே இணைப்பு அறுவது புதிதன்று எனக் கருதி வாளாவிருந்தோம். நவம்பரில் வீடு சென்றபோதே உண்மை தெரிந்தது. செய்தி அனுப்பும் செயலி, அக்கருவியின் பழைய மென்பொருளை இனி ஏற்பதில்லை என்று கதவடைத்துவிட்டது. அன்னையாரோ, “நாந்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன் ஐயா. சொன்னா உனக்குச் செலவாகுமேன்னு சும்மா இருந்துட்டேன்” என்றார்.

வாசகர்களே! அச்சொற்கள் நம்மைத் தைத்தன. கெட்டது கருவி, அதனைக் கெடும் பருவத்திற் கொடுத்தவர் நாம், குற்றத்தைத் தம் தலைமேல் ஏற்றவரோ அவர். மூன்று வாரம் பேத்தியின் முகம் காணாமல், அதையும் மகனுக்கு மிச்சம் என்று பொறுத்திருந்தார்.

கருவிகளைச் செய்வோர் மீது பழி இல்லையா எனிற் பெரிதும் உண்டு. மின்கலம் தளர்ந்த சில ஐபோன்களின் வேகத்தை மென்பொருளாற் குறைத்ததாக ஆப்பிள் நிறுவனமே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. திடீரென அணைந்துபோகாமற் காப்பதற்கே அவ்வாறு செய்ததாகவும் கூறிற்று. புது மின்கலம் போதுமென்று அறியாமற் புதுக் கைப்பேசியே வாங்கினோர் எத்தனை பேரோ! ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்பிலுள்ள விதி, ஒரு வகைக் கைப்பேசியின் விற்பனை நின்ற பின்னரும் குறைந்தது 5 ஆண்டு அதற்கு மென்பொருட் புதுப்பித்தலும், 7 ஆண்டு உதிரிப் பாகங்களும் கிடைக்கச் செய்ய வேண்டுமென்கிறது. சட்டம் இவ்வாறு வற்புறுத்தத்தக்க ஒன்றாய் இருத்தலே, விற்போர் தாமே அதனைச் செய்யார் என்பதற்குச் சான்று.

ஆயினும் விற்போர் மீது பழி முழுவதையும் சுமத்திவிட்டு நாம் தப்புதல் நேர்மையாகாது. நமது நான்கு கைப்பேசிகளுள் ஒன்றையேனும் பழுதென்று நாம் மாற்றவில்லை. ஆபீசில் பிறர் கையிற் கண்டோம். நம் கையிலிருப்பது சிறுத்துத் தோன்றிற்று. மாற்றியபின் மனம் சற்று உறுத்திற்று. அவ்வுறுத்தலைத் தணிக்க ஓரிடம் வேண்டியிருந்தது. அவ்விடந்தான் அன்னை.

“பழையதைக் குப்பையில் எறிவதினும் ஒருவர்க்குக் கொடுப்பது மேலன்றோ?” என்று சிலர் வினவுவர். மேலே, ஐயமில்லை. ஐக்கிய நாட்டு அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகிற் சேர்ந்த மின்கருவிக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே. ஓடுகின்ற கருவியை ஓடும்வரை ஓட்டுதல் அறிவுடைமை. நாம் இங்குக் குறை காண்பது செயலையன்று, அதற்கு இட்ட பெயரையே. கழித்தலில் கழிப்பவனுடைய தேவையே முன்னிற்கும்; கொடுத்தலில் பெறுபவருடைய தேவை முன்னிற்கும். முன்னதைப் பின்னதன் பெயரால் வழங்கினால், பெறுபவர் நன்றி சொல்லக் கடமைப்படுகிறார். குறை சொல்லும் உரிமையை இழக்கிறார். அன்னையார் வாய்திறவாமைக்குக் காரணம் அதுவே.

துரை கழித்த சட்டை கிராணிக்கும், கிராணி கழித்தது லயத்திற்கும் வந்த காலத்தை முதியோர் சொல்லக் கேட்டு நாம் சினந்ததுண்டு. அவ்வழக்கம் தோட்டத்தை விட்டுப் போயிருக்கலாம். நம் வீட்டை விட்டுப் போகவில்லை. சம்பாதிப்பவன் கையிற் புதியது, மூத்தவள் கையிற் பழையது என்பதும் ஒருவகைத் துரைத்தனமே. சமத்துவம் பேசும் நாம் அதனை அடுப்பங்கரை வரை கொண்டு செல்லவில்லை.

இதனை நமக்கு விளங்கச் செய்தவர் நம் தோட்டத்தில் குலை வெட்டும் வங்காளதேசத் தோழர் ஒருவர். அவ்வாண்டு டிசம்பரில் விடுப்பில் ஊருக்குப் புறப்படுமுன் ஆபீசுக்கு வந்தார். அவருடைய கைப்பேசியின் கண்ணாடி நெடுக விரிந்து, ரப்பர் வளையத்தாற் கட்டப்பட்டிருந்தது. பையிலிருந்து உறை பிரித்த புதியது ஒன்றை எடுத்து, “அம்மாவுக்கு, எழுத்தைப் பெரிதாக்கித் தர முடியுமா?” என்று மலாயில் கேட்டார். நம்மினும் குறைந்த சம்பளம் பெறுபவர் அவர். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தோம். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க நமக்குக் கூச்சமாயிருந்தது.

அந்த ஞாயிறன்று அன்னையாரிடம், “உங்களுக்கு எப்படிப்பட்டது வேண்டும்?” என்று கேட்டோம். பதினைந்து ஆண்டுகளில் அதுவே முதல் முறை. சத்தம் உரக்க இருக்க வேண்டும், எழுத்துப் பெரிதாயிருக்க வேண்டும், பிள்ளையின் முகம் தெரிய வேண்டும், நோக்கியாவிற் போல ஒரு விளக்கும் வேண்டும் என்றார். எல்லாம் ஐந்நூறு வெள்ளிக்குள் அடங்கிற்று. நமக்கென வாங்க எண்ணியிருந்த புதியதை வாங்கவில்லை. 2019ஆம் ஆண்டுக் கைப்பேசிக்கு மின்கலம் மட்டும் மாற்றினோம். இக்கட்டுரையின் முதற்படியும் அதிலேயே எழுதப்பெற்றது. இதனாற் பற்று அறுத்துவிட்டோம் என்று பெருமை கொள்ளுதற்கில்லை. பட்டணத்துக் கடைக்கண்ணாடியின் முன் கால் இன்னும் தயங்கவே செய்கிறது.

ஆதலின் வாசகர்களுக்கு நாம் கூறுவது சிறிதே. பழைய பொருளொன்றை ஒருவரிடம் நீட்டுமுன் மூன்று கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம்: இதனை அவர் விரும்பினாரா? இதற்கு இன்னும் எத்தனை நாள் ஆயுள்? பழுதுற்றால் அவருடன் அமர்ந்து பார்ப்பவர் யார்? இம்மூன்றிற்கும் நேரிய விடை உண்டெனில் தயங்காது கொடுக்கலாம். இல்லையெனில், “இது நான் கழித்தது; பயன்பட்டால் வைத்துக்கொள்ளுங்கள், பயன்படாவிட்டாற் சொல்லுங்கள்” என்று உள்ளதை உள்ளவாறே உரைப்போம். வேண்டாம் என்று சொல்லும் உரிமையையேனும் பெறுபவர்க்கு விட்டுவைப்போம்.