பதிக்குப் போகும் பாதையும் பணிவிடைதான்

ஒரு காலத்தில் திருவிதாங்கூர் நாட்டில் எளிய குடியில் பிறந்தவனுக்கு நடக்கப் பாதையும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. பாதை இருந்தது, ஆனால் அது அவனுக்கு இல்லை. கிணறு இருந்தது, ஆனால் அதில் அவன் வாளி விடக் கூடாது. மேல்சாதியார் எதிரே வந்தால் தூர விலகி நிற்க வேண்டும். கோவில் இருக்கும் தெருவில் அவன் கால் படக் கூடாது. தலையில் துண்டு கட்டினாலும் அது குற்றம்.

அப்படிப்பட்ட நாளில்தான் கொல்லம் ஆண்டு 1008 மாசி 20-ஆம் நாள், அதாவது 1833 மார்ச் மாதத்தில், அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலில் அவதரித்தருளினார். சுவாமிதோப்பில் முத்திரிக் கிணற்றை எல்லோருக்கும் பொதுவாக்கினார். எல்லாச் சாதியாரும் அந்த ஒரே கிணற்று நீரில் நீராடினார்கள், அதே நீரை அள்ளிப் பருகினார்கள். குனிந்தே நடந்தவனைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் செய்தார் அய்யா.

இன்றைக்குத் திண்டிவனம், மரக்காணம், பிரம்மதேசம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் சுவாமிதோப்புக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்ளலாம். போகிற தூரம் ஏறத்தாழ 580 கி.மீ. வழியில் எந்தத் தெருவிலும் அவர்களை விலகி நில் என்று சொல்வாரில்லை. எந்த ஊர்க் குழாயிலும் தண்ணீர் பிடிக்கலாம். இது சும்மா கிடைத்ததா? அய்யாவும் அவரை நம்பி நின்ற மக்களும் பட்ட பாட்டினால் கிடைத்தது. அப்படிக் கிடைத்த பாதையையும் தண்ணீரையும் அன்புக்கொடி மக்கள் எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பாக்குத்தூள் பொட்டலமும் பிளாஸ்டிக் டம்ளரும் சாலையோர ஏரியில் வீசிவிட்டுப் போனால், அந்த ஏரி அடுத்த ஊராருக்குப் பயன்படாமல் போகிறது. ஒரு காலத்தில் சாதியைச் சொல்லித் தண்ணீரை மறுத்தார்கள். இன்று குப்பையைக் கொட்டித் தண்ணீரைக் கெடுத்தாலும், குடிக்க முடியாமல் நிற்பவன் எளியவனே. வசதி உள்ளவன் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்வான்.

பிரம்மதேசத்து மக்களுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கே மரக்காணத்து உப்பளம், அதற்குத் தெற்கே கழுவெளி. சுற்று வட்டாரத்து ஏரிகளின் உபரி நீர் எல்லாம் கழுவெளிக்கு வந்து, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. சாலையோரத்தில் போட்ட ஒரு பாலித்தீன் பை ஐப்பசி மழையில் வாய்க்காலுக்கு வரும், மதகில் அடைக்கும், கடைசியில் கழுவெளிச் சேற்றில் போய்ப் படியும். இந்தக் கழுவெளியை 2021-ல் தமிழ்நாடு அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஈரான் நாட்டு ராம்சர் நகரில் 1971-ல் ஏற்பட்ட உலக ஒப்பந்தத்தின்படி காக்க வேண்டிய நீர்நிலைகளின் பட்டியலிலும் 2024-ல் அது சேர்ந்தது.

தெற்கே பயணம் முடிகிற இடத்திலும் அப்படியே ஒரு நீர்நிலை இருக்கிறது. அது சுசீந்திரம் தேரூர்க் குளம். அதுவும் 2022-ல் அதே பட்டியலில் சேர்ந்தது. அய்யாவைச் சிறைப்படுத்திய நாளில் திருவிதாங்கூர் மன்னர் முன்னே அவரைக் கொண்டு நிறுத்திய ஊர் இதே சுசீந்திரம்தான். ஆகவே கழுவெளிப் பக்கமிருந்து பதிக்குப் போகிறவர்கள், காக்க வேண்டிய ஒரு தண்ணீரிலிருந்து காக்க வேண்டிய இன்னொரு தண்ணீருக்குப் போகிறார்கள். இரண்டு இடத்துக்கும் ஆண்டுதோறும் வடதேசத்திலிருந்து பறவைகள் வருகின்றன. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து, இரை தின்று, கோடை தொடங்கியதும் திரும்பிப் போகின்றன. அவை தங்கிப் போன இடத்தில் அள்ள வேண்டிய குப்பை எதுவும் கிடப்பதில்லை. ஆறறிவு படைத்தவன் மூன்று நாள் தங்கிய இடத்தையோ மூன்று நாள் கூட்டிப் பெருக்க வேண்டியிருக்கிறது.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. சொந்த ஊரில் சொந்தப் பண்டிகையிலேயே அவர்களால் அது முடிகிறது. விருந்தாளியாக ஓர் ஊரைக் கடந்து போகிறவர்கள் வேனில் ஒலிபெருக்கியை அலறவிடாமல் போவது பெரிய காரியமா?

கூட்டமாகக் கூடினால் அழுக்குச் சேரத்தான் செய்யும் என்று சிலர் சொல்லுவார்கள். துவையல் தவசை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். வாகைப்பதிக் கடற்கரையில் 700 குடும்பங்கள் ஒன்றாகத் தங்கின. அது சிறு கூட்டமல்ல. ஆனாலும் நாள்தோறும் மூன்று வேளை குளித்து, உடுத்திய துணியைத் துவைத்து, ஒரு வேளை மட்டும் உண்டு தவசு இருந்தார்கள். வீட்டை விட்டு வெளியே வந்து கூட்டமாகத் தங்கிய அந்த நாள்களில்தான் அவர்கள் தூய்மையைக் கற்றுக்கொண்டார்கள். இன்று பதிக்கு வருகிறவர்களும் அந்தத் துவையல் தவசு மக்களின் வழிவந்தவர்களே.

இனி கண்ணுக்குத் தெரியாத அழுக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது வண்டிப் புகை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. சுவாமிதோப்புக்குப் போய்வர 1160 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் காரில் மூன்று பேர் போனால் 77 லிட்டர் டீசல் செலவாகும். ஆளுக்கு 26 லிட்டர் கணக்கு வருகிறது. 50 பேர் சேர்ந்து ஒரு பேருந்தில் போனால், அது லிட்டருக்கு 4 கி.மீ.தான் ஓடினாலும், ஆளுக்கு 6 லிட்டர்கூட ஆகாது. ரயிலில் போனால் அதைவிடக் குறைவு. விழுப்புரத்தில் ஏறினால் நாகர்கோவிலில் இறங்கலாம், அங்கிருந்து டவுன் பஸ் இருக்கிறது.

இந்தப் புகை போய் எங்கே சேருகிறது? வானத்தில் சேர்ந்து, வெப்பம் வெளியேறாமல் போர்வைபோல் மூடுகிறது. கடல் சூடேறுகிறது. சூடேறிய கடலின்மேல் வரும் புயல் அதிக நீரைச் சுமந்து வந்து கொட்டுகிறது. 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக் கரையைச் சீரழித்தது. கடலுக்குப் போன மீனவர் பலர் திரும்பவில்லை. ஏழாண்டு கழித்து 2024-ல் அதே நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. இன்னாருடைய காரால் இந்தப் புயல் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எல்லோருடைய புகையும் ஒரே வானத்துக்குத்தான் போகிறது. அந்த மழையில் முதலில் இடிந்து விழுவது குடிசைச் சுவர்தான். எளியாரைக் காப்பதே தர்மம் என்று நம்புகிறவர்கள் இதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

வயதானவர்களும் நோயாளிகளும் கைக்குழந்தை உள்ளவர்களும் காரில் வருவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலியாக இருக்கும் இடத்தில் பக்கத்து வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு வந்தால் போதும். மற்றவர்கள் பேசிவைத்துச் சேர்ந்து வரலாம். மாசி 20 என்றைக்கு வரும் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான். ரயிலில் 60 நாள் முன்பே முன்பதிவு செய்யலாம்.

புறப்படும்போது ஆளுக்கொரு சொம்பு அல்லது எவர்சில்வர் டம்ளர், ஒரு துணிப்பை, சாப்பாட்டுக்குத் தூக்குச்சட்டி எடுத்துக்கொள்ளட்டும். அய்யாவுக்கு வைக்கும் சுருளை வாழையிலையில் மடித்து ஓலைப்பெட்டியில் கொண்டுபோகலாம், பாலித்தீன் கவர் எதற்கு? காவிக்கொடி துணியில் இருக்கட்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர்ப் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் ஆகியவற்றோடு பிளாஸ்டிக் கொடியும் உண்டு. ஆற்றிலோ கடலிலோ குளித்தால் பழைய துணியையும் ஷாம்பு பாக்கெட்டையும் அங்கே விடாமல் திரும்பக் கொண்டுவரட்டும். கொண்டுபோனது எல்லாம் வீட்டுக்குத் திரும்பி வந்ததா என்று தாய்மார்கள் ஒருமுறை பார்த்தால் போதும்.

கடைசியாக ஒன்று. மாசி 20 அன்று நாகர்கோவில் நாகராஜா கோவில் திடலிலிருந்து ஊர்வலம் புறப்படுகிறது. கோட்டார், இடலாக்குடி, சுசீந்திரம், வழுக்கம்பாறை, ஈத்தங்காடு, வடக்குத் தாமரைக்குளம் வழியாகச் சுவாமிதோப்புக்கு மக்கள் நடந்தே போகிறார்கள். வழியெல்லாம் சாதி மதம் பாராமல் தண்ணீரும் மோரும் கொடுத்து உபசரிக்கிறார்கள். அய்யா கண்ட கனவு அன்றைக்கு அந்தச் சாலையில் நடக்கிறது. தலைப்பாகை கட்டிய மக்கள் நிமிர்ந்து நடந்து போகிறார்கள்.

அவர்கள் போன பின்பு அதே சாலையில் இன்னொருவர் வருகிறார். கையில் துடைப்பம், பக்கத்தில் தள்ளுவண்டி. மோர் குடித்துவிட்டு எறிந்த ஒவ்வொரு கப்புக்கும் அந்தத் தூய்மைப் பணியாளர் ஒருமுறை குனிய வேண்டும். ஆயிரம் கப் என்றால் ஆயிரம் முறை குனிய வேண்டும். எளியவனின் தலையை நிமிர்த்தவே அய்யா தலைப்பாகை கட்டச் சொன்னார். அதே தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு இன்னோர் எளியவரைக் குனிய வைப்பது எந்த வகையில் அய்யா வழியாகும்?

ஆகவே கையில் இருக்கும் கப்பைக் கீழே போடுமுன் அந்த முதுகை நினைக்க வேண்டும். சொம்பு கொண்டுபோனவருக்கு அந்தக் கவலையே இல்லை. பதிக்குள் செய்வது மட்டும் பணிவிடை அல்ல. பிரம்மதேசத்தில் வாசற்படி இறங்கும்போதே பணிவிடை தொடங்கிவிடுகிறது. திரும்பி வந்து அதே வாசற்படி ஏறும்வரை, கடந்து வந்த ஊரின் தண்ணீரும் பாதையும் போகும்போது இருந்தபடியே இருக்குமானால், அந்தப் பயணத்தை அய்யா ஏற்றுக்கொள்வார்.

அய்யா உண்டு.