பிள்ளையைக் காப்பதும் பெற்றோரைக் கேட்பதும்

பிள்ளை யாருடையது என்பது மனித சமுதாயம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வினாக்களுள் ஒன்று. மக்களைப் பெற்றோரின் பொருள் என்றார் வள்ளுவர். அப்பொருளை உடைமை எனக் கொள்வாருமுளர். வாழ்வின் பயன் எனக் கொள்வாருமுளர். உடைமை எனக் கொண்டோர் கையில் அது பிரம்பாயிற்று. தான் பெற்ற பிள்ளையை அடிக்கவும் பட்டினி போடவும் தனக்கு உரிமையுண்டு என்னும் தந்தையின் வாதத்தை முற்போக்காளர் எவரும் ஏற்கமாட்டார். அத்தகைய வீட்டின் கதவைத் தட்ட அரசுக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. ஆயின், அக்கதவு ஒரு லயக் காம்பிராவின் கதவாக இருக்கும்போது, உள்ளே நிற்கும் தாய்க்கு என்ன உரிமை உண்டு?

இலங்கையில் இவ்விடயத்தை ஆள்வது 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். பெற்றோர் இல்லாததாலோ, அவர்கள் தகுதியற்றவராகவோ உரிய பராமரிப்பைச் செலுத்தாதவராகவோ இருப்பதாலோ தீங்கான சூழலுக்கு ஆளாகும் பிள்ளையை அது பராமரிப்போ பாதுகாப்போ வேண்டிய பிள்ளை என்கிறது. நீதிமன்றம் அப்பிள்ளையை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பலாம். தகுதியான ஒருவரிடம் ஒப்படைக்கலாம். உரிய பராமரிப்புச் செய்வதாகப் பெற்றோரிடம் பிணைமுறி எழுதி வாங்கலாம். நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் விடலாம். பின்னிரண்டு வழிகளிலும் பிள்ளை வீட்டிலேயே இருக்க இயலும் என்பதை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பிரிப்பதொன்றே காப்பது என்று சட்டம் சொல்லவில்லை.

சிக்கல் முழுவதும் 'உரிய பராமரிப்பு' என்ற இரு சொற்களில் அடங்கியுள்ளது. பசறையிலும் ஹப்புத்தளையிலும் காலையில் பெரட்டுக்குப் போகும் தாய், நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காவிடில் அரைப்பேரோடு திரும்புகிறாள். கைக்குழந்தை பிள்ளை மடுவத்தில். தம்பிக்குக் காய்ச்சலென்றால் மூத்தவள் பள்ளிக்கு வருவதில்லை. வெள்ளையர் காலத்துப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் முதியோரும் வளர்ந்த பெண்பிள்ளையும் ஒன்றாகப் படுக்கின்றனர். விசாரிக்க வரும் உத்தியோகத்தர் எழுதுகிறார்: பள்ளி வரவில் ஒழுங்கின்மை, இட நெருக்கடி, கண்காணிப்பின்மை. ஒவ்வொன்றும் உண்மை. எனினும் இலக்கணம் கற்பிப்போருக்கு இவ்வாக்கியங்கள் ஒரு விந்தை. இவற்றில் எழுவாய் இல்லை. அந்த வெற்றிடத்தில் தாயின் பெயர் எழுதப்படுகிறது. காம்பிராவைக் கட்டியவர் பெயரோ கூலியை நிர்ணயித்தவர் பெயரோ அங்கே வருவதில்லை.

தோட்டத்துப் பெற்றோர் யாவரும் குற்றமற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. சம்பள நாளில் கூலியைக் கசிப்புக்குக் கொடுத்துவிட்டு வந்து பிள்ளையை அடிக்கும் தந்தையை நாம் எல்லோரும் அறிவோம். முதலாளித்துவத்தின் பலி என்று கூறி அவனை விட்டுவிடுவது அவன் பிள்ளைக்கு இழைக்கும் துரோகம். கொடுமையை வறுமையென்று மன்னிப்பதும் தவறு. வறுமையைக் கொடுமையென்று தண்டிப்பதும் தவறு. இரண்டாவது தவறு கோப்புகளில் எளிதாக நடக்கிறது, ஏனெனில் வறுமை கண்ணுக்கு உடனே தெரிகிறது.

தண்டனைச் சட்டக் கோவையில் 1995இல் 308அ பிரிவு சேர்க்கப்பட்டது. பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவரைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர் வேண்டுமென்றே துன்புறுத்துவதும் புறக்கணிப்பதும் அதன்கீழ்க் குற்றமாகும். நல்ல பிரிவுதான். கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை லயன்கள் மண்சரிவு அபாயத்தில் உள்ளன என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து அவற்றைப் புதைத்தது. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகளுக்குத் திரும்பிவர வீடில்லை. சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அபாயமான இடத்தில் பிள்ளையைத் தெரிந்தே விட்டுச்சென்ற தாயை 308அ தொடக்கூடும். அபாயமென்று அறிந்தும் ஒரு லயத்தையே அங்கு விட்டுவைத்தோரை அது நெருங்காது. பிள்ளை அவர்கள் 'பொறுப்பில்' இல்லையல்லவா! கூரை தோட்டத்துக்குச் சொந்தம். பொறுப்பு மட்டும் தாய்க்குச் சொந்தம்.

வீடு போதாமை ஒன்றையே காரணமாக்கி ஐந்து பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த செக் குடியரசின் செயல் குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறுவதென ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2006இல் தீர்த்தது. ஏழைமை மட்டுமே பிரிவுக்கு நியாயமாகக் கூடாது, அது குடும்பத்துக்கு உதவி தேவை என்பதன் அறிகுறி என 2009இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை வரவேற்ற வழிகாட்டு நெறிகளும் கூறுகின்றன. அவுஸ்திரேலியாவில் பழங்குடிப் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பறித்தோரும் பிள்ளைகளின் நன்மைக்கென்றே பறித்தனர். அந்நாட்டுப் பாராளுமன்றம் மன்னிப்புக் கோரியது 2008இல். நம் நாட்டிலும், வெளிநாடு செல்லும் பெண்ணிடம் 2013 முதல் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் தடுக்கப்பட்டாள். 2022இன் பொருளாதார வீழ்ச்சியில் டொலர் தேவைப்பட்டபோது அவ்விதி தளர்ந்தது. பிள்ளையின் நலன் அவ்வாண்டில் மாறிவிட்டதா?

இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, நீதிமன்ற மேலாய்வுக்கு உட்பட்டே பிரிவு நிகழலாம் என்றும், தொடர்புடையோர் அனைவரும் தம் கருத்தைக் கூற வாய்ப்புப் பெறவேண்டும் என்றும் விதிக்கிறது. நீதிமன்ற மொழியை அறியாத தரப்பினருக்கு அரசே மொழிபெயர்ப்பு வழங்கவேண்டும் என்பது நம் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை. வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றோருக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. ஆயினும் தாயின் விதி பெரும்பாலும் நீதவானை எட்டுமுன்பே, வாக்குமூல மேசையில் தீர்ந்துவிடுகிறது. தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய தாளில் அவள் கையொப்பமிடுகிறாள். எதன் பொருட்டு விசாரணை, பிள்ளை எங்கே, எப்போது பார்க்கலாம் என்று கேட்கவும் அஞ்சுகிறாள்.

பெற்றோரின் உரிமை பேசிக்கொண்டிருந்தால் பிள்ளை இறந்துவிடும் என்பர் சிலர். உடனடி அபாயத்தில் பிள்ளையை முதலில் எடுக்கட்டும், யாரும் தடுக்கவில்லை. கேட்கப்படும் உரிமை அடிக்கும் உரிமையன்று. பெரியம்மா அடுத்த டிவிசனில் இருக்கிறாள், தந்தை குடிக்கும் நாட்களில் பிள்ளை பாட்டியிடம் உறங்குகிறது என்ற செய்தி எந்தக் கோப்பிலும் இல்லை, தாயிடம் மட்டுமே உண்டு. சட்டம் தேடும் 'தகுதியான ஆள்' பல வேளைகளில் அடுத்த லயத்தில்தான் இருக்கிறாள். தாயைக் கேளாத விசாரணை பிள்ளையின் ஒரு பாட்டியை இழக்கிறது.

1940இல் பதுளை வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்து துரைத்தனத்தை உலுக்கிய மரபு நம்முடையது. இன்றும் அரைப்பேருக்காகத் தொழிற் திணைக்களப் படியேறத் தோட்டத்துத் தலைவர் வருகிறார். நன்னடத்தை அலுவலகத்துக்குப் போகும் தாயுடன் அவர் வருவதில்லை. அதைக் குடும்ப விவகாரம் என்கிறார். ஆசிரியராகிய நம் பங்கும் சிறிதன்று. பல கோப்புகளின் முதல் தாள் நம் வரவுப் பதிவேட்டிலிருந்தே பிறக்கிறது. 'தாய் அக்கறையற்றவர்' என்று எழுதுகிறோம். 'இம்மாணவி வாரத்தில் இரு நாட்கள் வருவதில்லை. அந்நாட்களில் பிள்ளை மடுவம் மூடியிருக்கிறது' என்றும் எழுதலாம். அதற்கு ஒருநாள் மாலை லயத்துக்கு நடந்துபோய் வரவேண்டும்.