அமைதியான நாளில் சேர்க்க வேண்டியது: மன நிம்மதியும் அன்றாடப் பழக்கங்களும்

எல்லாப் புகழும் அகிலத்தாரின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே. சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



இன்று மனக்கவலையைப் பற்றிப் பேசவிருக்கிறோம். பழவேற்காட்டிலும், லைட்ஹவுஸ் குப்பத்திலும், சுற்றியுள்ள மற்றக் குப்பங்களிலும் கவலை இல்லாத வீடு குறைவு. முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் ஏரியில் மீன் வரத்து குறைகிறது. அதோடு மீனவர், வாங்கி விற்பவர், ஐஸ் போடுபவர், ஆட்டோ ஓட்டுபவர், கடனுக்குச் சாமான் கொடுத்த கடைக்காரர் என்று எல்லோருடைய வருமானமும் நின்றுபோகிறது. ஒரு வீட்டில் வட்டிக்கடன், ஒரு வீட்டில் மகளின் கல்யாணம், இன்னொரு வீட்டில் வெளிநாட்டுக்குப் போன மகனிடமிருந்து வராத போன். இரவில் தூக்கம் இல்லை. மனம் தாங்காமல் ஒருவர் வாய் திறந்தால், "ஈமான் பலமாக இருந்தால் இப்படி வருமா?" என்று ஒரே வார்த்தையில் அவரை முடித்துவிடுகிறோம். அதன் பிறகு அவர் யாரிடமும் பேசுவதில்லை.

அந்த வார்த்தை சரிதானா என்று முதலில் பார்ப்போம்.

கவலை ஈமானின் குறைவா?

யஃகூப் (அலை) அவர்கள் அல்லாஹ்வின் நபி. மகன் யூசுஃபைப் பிரிந்த துக்கத்தில் அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்று குர்ஆன் கூறுகிறது (12:84). அவர்களின் ஈமானில் குறை சொல்ல நம்மில் யாருக்குத் துணிவு உண்டு? நபி (ஸல்) அவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்களையும் அபூதாலிபையும் இழந்த ஆண்டுக்குத் துயர ஆண்டு என்றே பெயர். குழந்தை இப்ராஹீம் இறந்தபோது பெருமானார் கண்ணீர் விட்டார்கள். வியந்து கேட்ட தோழரிடம், இது இரக்கம் என்று விளக்கினார்கள். கண் அழலாம், உள்ளம் வருந்தலாம், நாவு மட்டும் இறைவனுக்குப் பொருத்தமில்லாததைச் சொல்லக் கூடாது என்பதே அவர்கள் காட்டிய எல்லை (புகாரி).

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை அறியாதவர் இல்லை. ஹிஜ்ரி 488, அதாவது கி.பி. 1095இல், பக்தாதின் நிஜாமிய்யா மத்ரஸாவில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அவர்களுக்கு நாவு எழவில்லை, உணவும் இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் தொடங்கி உடலுக்குப் பரவியிருக்கிறது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இதை அவர்களே 'அல்முன்கித்' என்ற நூலில் எழுதி வைத்திருக்கிறார்கள். இஹ்யா தந்த இமாமுக்கே இந்த நிலை வந்தது என்றால், நம் பக்கத்து ஸஃப்பில் நிற்பவருக்கு வருவதில் என்ன வியப்பு?

நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி கேட்ட ஒரு துஆவில் கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கோழைத்தனம், கஞ்சத்தனம், கடன் சுமை, மனிதர்களின் அடக்குமுறை ஆகியவற்றிலிருந்து பாதுகாப்புத் தேடினார்கள் (புகாரி). இதில் கவலை என்பது வரப்போவதைப் பற்றியது, துக்கம் என்பது நடந்து முடிந்ததைப் பற்றியது என்று உலமாக்கள் விளக்குவார்கள். இந்த வரிசையைக் கவனியுங்கள். கவலை வந்தவனுக்குக் கை ஓடாது. கை ஓடாவிட்டால் சோம்பல். சோம்பல் நீண்டால் கடன். கடன்பட்டவனை மனிதர்கள் அடக்குகிறார்கள், அது மறுபடி கவலையாகிறது. "கவலைப்படாதே பாய்" என்ற ஒரு சொல்லால் இந்தச் சங்கிலி அறுந்துவிடாது. அன்றாடம் செய்யும் காரியங்களால்தான் ஒவ்வொரு கண்ணியாகக் கழலும்.

வலையைக் கரையில்தான் சரிசெய்ய வேண்டும்

நம் ஏரியில் பாடு முறை உண்டு. இறால் கிடைக்கும் இடங்களில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதை மீனவர்கள் முறை வைத்து, சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். இன்று நல்ல இடம் ஒருவருக்கு, நாளை இன்னொருவருக்கு. தன் முறை இல்லாத நாளில் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்கிறார்கள். முறை வந்த நாளில் கிழிந்த வலையோடு போனால், இறால் இருந்தும் கைக்கு வராது.

மனமும் அப்படித்தான். ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) என்ற அறிஞர் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்று ஒரு நூல் எழுதினார். உடலுக்கு நோய் வருவதைப் போலவே மனத்துக்கும் நோய் வரும் என்றார். அவசரத்துக்கு வீட்டில் மருந்து வைத்திருப்பதைப் போல, மனம் நலமாக இருக்கும் நாளிலேயே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைக்கவும் சொன்னார். செழிப்பான காலத்தில் அல்லாஹ்வை அறிந்துகொள், நெருக்கடியில் அவன் உன்னை அறிந்துகொள்வான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் இதுவே (அஹ்மத்). புயல் அடிக்கும்போது வலை பின்ன முடியாது.

பழக்கங்கள் நான்கு

முதலாவது, விடியற்காலை. தூங்குபவரின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுப் போடுகிறான். எழுந்து அல்லாஹ்வை நினைத்தால் ஒன்று, உளூச் செய்தால் ஒன்று, தொழுதால் ஒன்று என அவை அவிழ்கின்றன. அவிழ்ந்தவர் சுறுசுறுப்போடும் நல்ல மனத்தோடும் காலையை அடைகிறார், மற்றவர் மந்தமான மனத்தோடு எழுகிறார் என்பது நபிமொழியின் கருத்து (புகாரி). மனநிலையைக் காலைப் பழக்கத்தோடு முடிச்சுப் போட்டே சொல்லியிருக்கிறார்கள், பாருங்கள்.

இரண்டாவது, இரவு. இஷாவுக்குப் பிறகு வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை (புகாரி). இன்று அந்தப் பேச்சு செல்போனுக்குள் புகுந்துகொண்டது. ஒரு மணி வரை அடுத்தவரின் வீட்டையும் காரையும் பார்த்துவிட்டு, "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று படுக்கிறோம். உலக விஷயத்தில் நமக்கு மேலே இருப்பவரைப் பார்க்காமல் கீழே இருப்பவரைப் பார்க்கச் சொன்னார்கள் (முஸ்லிம்). தவறிப்போனதற்காக வருந்தாமலும் கிடைத்ததற்காகப் பெருமை அடிக்காமலும் இருக்கச் சொல்கிறது குர்ஆன் (57:23). இன்றைய பாடு அவருடையது. நம் முறையை அல்லாஹ் அறிவான்.

மூன்றாவது, உடலின் உரிமை. இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பு நோற்ற தோழரிடம், உன் உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உன் மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள் (புகாரி). வணக்கத்துக்கே அளவு வைத்த மார்க்கம் இது.

நான்காவது, தொடர்ச்சி. குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யப்படுவதே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான அமல் (புகாரி, முஸ்லிம்). நம் வீட்டுப் பெண்கள் பனை ஓலையில் கூடை முடைவது போல, வீட்டு வேலைக்கு நடுவே தினமும் கொஞ்சம். ரமளானில் முப்பது ஜுஸ்வும் ஓதிவிட்டு ஷவ்வாலில் குர்ஆனை மூடி வைப்பதைவிட, தினம் ஒரு பக்கம் மனத்தை அதிகமாகத் தாங்கும். அல்லாஹ்வின் நினைவால் உள்ளங்கள் அமைதி பெறுகின்றன (13:28) என்பதை ருசித்து அறிய நாள்பட வேண்டும்.

மருந்தும் துஆவும்

இவ்வளவும் செய்த பிறகும் ஒருவருக்கு இருள் விலகாமல் இருக்கலாம். அப்போது அவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. துஆவைத் தேடி அந்த ஊருக்குப் பிள்ளைகளை அழைத்துவந்த குடும்பங்களின் நம்பிக்கை, பராமரிப்பும் மருத்துவமும் இல்லாத இடத்தில் சங்கிலியில் முடிந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்திருக்கிறது. இன்று ஏர்வாடி தர்காவிலேயே மருந்தும் துஆவும் சேர்ந்து கொடுக்கப்படுகின்றன.

முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான், மருத்துவம் செய்யுங்கள் என்பது நபிகளாரின் அறிவுரை (அபூதாவூத், திர்மிதீ). ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் (திர்மிதீ), மருத்துவரிடம் போவதைத் தடுக்குமா? படகைக் கட்டாமல் விட்டுவிட்டு துஆ மட்டும் கேட்பவரை நாம் என்ன சொல்வோம்? வாழவே வேண்டாம் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. இந்த எண்ணை எல்லோரும் போனில் பதிந்துகொள்ளுங்கள். நமக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்குத் தேவைப்படலாம்.

சகோதரர்களே! ஒரு சமூகம் தன்னிடம் உள்ளதை மாற்றிக்கொள்ளும் வரை அல்லாஹ் அதன் நிலையை மாற்றுவதில்லை (13:11). நாம் மாற்றிக்கொள்ள வேண்டியதில் நம் நாவும் ஒன்று. இரண்டு ஜும்ஆவாக வராத ஒருவர் இருந்தால், இன்று தொழுகை முடிந்ததும் அவர் வீட்டு வாசலுக்குப் போங்கள். ஏன் வரவில்லை என்று விசாரணை செய்யாதீர்கள். ஸலாம் சொல்லி, ஒரு டீ குடித்து, அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் அடுத்த வாரமும் போங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கவலையையும் துக்கத்தையும் நீக்குவாயாக. எங்கள் கடன்களை அடைத்துத் தருவாயாக. எங்கள் ஏரியிலும் கடலிலும் பரகத் செய்வாயாக. துயரப்படுபவரின் கையைப் பிடிக்கும் ஜமாஅத்தாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.