இரண்டு பணமும் ஒரு வாக்கும்



போன மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். நம் சபைப் பிள்ளை ஒருத்தி, நர்சிங் படித்து முடித்தவள், என்னிடம் வந்து நின்றாள். "ஐயா, வெளிநாட்டுல ஒரு கிராமத்துக்குப் பத்து நாள் மருத்துவ ஊழியத்துக்குக் கூப்பிடுறாங்க. போகட்டுமா?" என்று கேட்டாள். முன்பு என்றால் அந்த இடத்திலேயே தலையில் கை வைத்து ஜெபித்து, காணிக்கைப் பெட்டியையும் ஒரு சுற்று விட்டு அனுப்பியிருப்பேன். அன்றைக்கு, "ஜெபிச்சிட்டுச் சொல்றேம்மா" என்றேன். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அவளுக்கு மட்டுமல்ல, உங்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று ஆவியானவர் ஏவுகிறபடியால் இதை எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னே நானும் ஒரு குழுவோடு இலங்கை மலையகத்துக்குப் போனேன். நான் டாக்டர் அல்ல. பெட்டி தூக்க, பெயர் எழுத, ஜெபிக்கப் போனவன். அங்கே தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறவர்கள் யார் தெரியுமா? வெள்ளைக்காரன் காலத்தில் பஞ்சம் பிழைக்க நம்ம பக்கத்துச் சீமைகளிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள். லயம் என்று சொல்லுகிற வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார்கள். "சிவகாசி" என்றதும், "அட, பட்டாசு ஊரா!" என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே எங்கள் நெஞ்சு நிறைந்துவிட்டது.

மூன்று நாள் முகாம். கொழுந்து பறித்துப் பறித்து விரல் கறுத்த ஒரு பாட்டிக்கு ரத்த அழுத்தம் அதிகம். முப்பது மாத்திரை கொடுத்தோம். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, "அடுத்த மாசம் யாரு சாமி குடுப்பா?" என்று கேட்டாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. நான், "கர்த்தர் பார்த்துக்கொள்வார் பாட்டி" என்றேன். விசுவாச வார்த்தைதான். ஆனால் அன்றைக்கு அது என் வாயில் சாக்காக இருந்தது.

ரத்த அழுத்த மாத்திரை ஒரு மாதத்து மருந்து அல்ல. அநேகருக்கு அது ஆயுசு முழுக்க வேண்டும். நிறுத்தினால் அழுத்தம் மறுபடி ஏறும். அந்த நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகவே வைத்தியம் உண்டு. பக்கத்து ஆஸ்பத்திரி எங்கே, எந்தக் கிழமை போகவேண்டும் என்று நாங்கள் விசாரிக்கக்கூட இல்லை. என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால், அதைக் கொண்டுபோய் அங்குள்ள டாக்டரிடம் காட்டியிருப்பாள். அதுவும் செய்யவில்லை. பாட்டியோடு நின்று படம் பிடித்தோம். அந்தப் படத்தைத்தான் ஊருக்கு வந்து எல்லாருக்கும் காட்டினேன். அவள் கேட்ட கேள்வியைச் சொல்லவில்லை.

பிரியமானவர்களே, லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் நல்ல சமாரியனை எத்தனை தரம் பிரசங்கித்திருப்பேன்! காயம் கட்டினான், எண்ணெய் வார்த்தான், தன் வாகனத்தில் ஏற்றினான் என்று அங்கேயே அல்லேலூயா போட்டு முடித்துவிடுவோம். அதற்குப் பிறகு வருகிற வசனத்தை வாசியுங்கள். மறுநாள் அவன் புறப்படுகிறான். புறப்படுவது தப்பில்லை, அவன் பிரயாணி, அவனுக்கும் ஜோலி உண்டு. ஆனால் காயப்பட்டவனை அந்த இடத்துச் சத்திரக்காரன் கையில் ஒப்புவிக்கிறான். இரண்டு பணம் கொடுக்கிறான். அதிகம் செலவானால் நான் திரும்பி வரும்போது தருவேன் என்று வாக்குக் கொடுக்கிறான். நான் அந்தப் பாட்டியை எந்தச் சத்திரக்காரன் கையில் ஒப்புவித்தேன்? எப்போது திரும்பி வருவேன் என்று சொன்னேன்?

இனி உங்களை நெய்யூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். நமக்குத் தூரமில்லை, காலையில் நாகர்கோவில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டம், அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம். 1838-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ராம்சே என்ற டாக்டர் அங்கே வைத்திய வேலையைத் தொடங்கினார். அதற்கு எண்பது வருஷத்துக்கும் பிறகு, 1922-ல், ஓர் இங்கிலாந்து டாக்டர் அங்கே வந்தார். ஹோவர்ட் சோமர்வெல் என்று பெயர். அவர் மிஷனெரியாக வரவில்லை, எவரெஸ்ட் சிகரம் ஏற வந்தவர்! அந்த வருஷம் பனிச்சரிவில் சுமை தூக்கிய ஏழு பேர் மாண்டுபோனார்கள். வெள்ளைக்காரரில் ஒருவரும் சாகவில்லை. அந்தத் துக்கம் அவரை விடவில்லை. மலையிலிருந்து இறங்கினவர், ஊருக்குப் போகுமுன் இந்தியாவைக் கொஞ்சம் சுற்றிப் பார்ப்போம் என்று தெற்கே வந்தார்.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் என்ன பார்த்தார்? வாசலில் நோயாளிகளின் கூட்டம். உள்ளே ஆபரேஷன் செய்யத் தகுதியுள்ளவர் ஒரே ஒரு டாக்டர். ஓய்வில்லாமல் உழைத்துத் தளர்ந்துபோனவர். சுற்றிப் பார்க்க வந்த மனுஷன் உடனே கையைக் கழுவிக்கொண்டு அவருக்கு உதவி செய்ய நின்றுவிட்டார். இதுவரைக்கும் நாமும் செய்வோம். அதற்குப் பிறகுதான் காரியம் இருக்கிறது. இங்கிலாந்துக்குப் போனார், முதல் உலக யுத்தத்தில் காயப்பட்ட வீரர்களுக்கு அறுவை செய்து கைதேர்ந்தவர், லண்டனில் நல்ல எதிர்காலம் இருந்தது. அதை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். நடுவில் 1924-ல் இன்னொரு தரம் எவரெஸ்ட் ஏறி, ஏறக்குறைய 28,000 அடி வரை போனார் (அந்த ஆசையைக் கர்த்தர் அவரிடமிருந்து பிடுங்கவில்லை, அது எனக்குச் சந்தோஷம்). அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் நெய்யூர்தான். வயிற்றுப்புண்ணால் துடித்த ஏழை ஜனங்களுக்கு ஆபரேஷன், ஆபரேஷன், ஆபரேஷன். பிற்பாடு வேலூர் சி.எம்.சி.யில் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு அறுவை மருத்துவம் கற்றுக்கொடுத்து, 1961-ல் ஓய்வு பெற்றார்.

"ஐயா, எல்லாரும் இருபது வருஷம் இருக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாது. பிள்ளைகுட்டி உண்டு, கடன் உண்டு, லீவு கிடைக்காது. சமாரியனும் அங்கே குடியிருக்கவில்லையே! அதனால்தான் சத்திரக்காரன் வேண்டும் என்கிறேன்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஒருவர் சத்திரக்காரர்களை உண்டாக்கினார். சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர், 1847-ல் யாழ்ப்பாணம் வந்தவர். தமிழ் படித்தார். வைத்தியம் கற்க வந்த பிள்ளைகளுக்கு முதலில் இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்தார். இங்கிலீஷ் படித்தவன் உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போவதைப் பார்த்தார். பிறகு தமிழிலேயே கற்பிக்க ஆரம்பித்தார். உடற்கூறு, பிரசவம், அறுவை என்று தடித்தடியான மருத்துவப் புத்தகங்களைத் தமிழில் கொண்டுவந்தார். அறுபது பேருக்கு மேல் அவரிடம் படித்து வைத்தியரானார்கள். 1873-ல் அமெரிக்காவுக்குத் திரும்பிய பிறகும் தமிழ்ப் புத்தக வேலையை அவர் விடவில்லை. அவர் கப்பலேறினபோது மானிப்பாயில் வைத்தியம் அவரோடு கப்பலேறவில்லை.

இங்கே ஒன்று சொல்லட்டும். வெளியூர் முகாமுக்கு மருந்து சேகரிக்கிறோம் என்று வீட்டு அலமாரியில் மிச்சம் கிடக்கிற மாத்திரையெல்லாம் அள்ளிக்கொண்டு வராதிருங்கள். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது இன்னும் ஒரு வருஷமாவது காலாவதியாகாமல் இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி சொல்லுகிறது. பழுதானதைப் பலிபீடத்தில் வைக்காதே என்று மல்கியா தீர்க்கதரிசி கண்டித்ததும் இதைப்போன்ற காரியத்தைத்தானே?

சரி, கடல் தாண்டிய கதை போதும். நம்ம வாசலுக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. இந்தப் பக்கத்தில் அந்த நாளை மறந்தவர் யார்? வெடிச்சத்தம் கேட்டு, என்ன ஏதென்று ஓடிப்போன அக்கம்பக்கத்து ஜனங்களும் மாண்டார்கள். 38 பேர் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். காயப்பட்டவர்கள் மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். இப்படிப்பட்ட ஒவ்வொரு விபத்திலும் முதல் வாரம் ஆஸ்பத்திரி வாசலில் பாருங்கள்: பன் ரொட்டி, பழம், பெட்ஷீட், ஜெபக் குழு, எல்லாம் வரும். நாமும் போயிருக்கிறோம். மூன்றாம் மாதம் யார் போகிறார்கள்?

தீக்காயம் மூன்றாம் மாதத்தில்தான் தன் இரண்டாவது வேலையைத் தொடங்குகிறது. ஆறுகிற தோல் இழுத்துச் சுருங்கும். விரல் மடங்கினது மடங்கினபடி ஒட்டும், கழுத்து நிமிராது. மட்டை வைத்துக் கட்டி, தினமும் வலிக்க வலிக்க நீட்டிப் பயிற்சி செய்யவேண்டும். மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில். பயர் ஆபீஸில் சரம் பின்னின கை அது. நீட்டாவிட்டால் சோற்றைக்கூடப் பிசைய முடியாது. அந்த நேரத்தில் மதுரைக்குப் போக பஸ் காசும், கூட வர ஒரு துணையும், "இன்னைக்கு எத்தனை தடவை நீட்டுனீங்க அண்ணே?" என்று கேட்க ஒரு வாயும் வேண்டும்.

இன்னொன்று. தீ பட்டால் பேனா மை, பற்பசை, தோசை மாவு, முட்டை வெள்ளைக்கரு என்று எதையும் பூசாதிருங்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் ஊற்றுங்கள், ஐஸ் வேண்டாம். வீங்குவதற்கு முன்னே வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இது பிரசங்கத்தில் சேராது என்று நினைக்கிறவர்கள் சமாரியனின் எண்ணெயையும் திராட்சரசத்தையும் நினைத்துக்கொள்ளட்டும்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். "போம்மா, தடையில்லை. ஆனா கூப்பிடுறவங்ககிட்ட ரெண்டு கேள்வி கேட்டுட்டு வா. நீங்க கிளம்பினபிறகு அந்த ஊர்ல மருந்தைப் பார்த்துக்கிற ஆள் யாரு? மறுபடி எப்ப போவீங்க?" என்றேன். மலையகத்துப் பாட்டியைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள், "அந்தப் பாட்டி இருக்காங்களா ஐயா?" என்றாள். தெரியாது என்றேன். தலை குனிந்துதான் சொன்னேன்.

அவள் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. இதற்கிடையில் சனிக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்குத் திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள். தீக்காயப்பட்ட ஒரு சகோதரரையும் அவர் மனைவியையும் மதுரைக்குப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போய்வருகிறாள். வருகிற மாதம் இரண்டு சனிக்கிழமை அவளுக்கு டூட்டி. அந்த இரண்டு வாரத்துக்கு ஆள் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் என்னைப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு நான் போகிறேன்.