தானாகப் போகிறதை விடுவது பரித்தியாகமா?



மாசி பிறந்துவிட்டது. வடகரையிலே விடியற்காலைப் பனி குறைகிறது. தென்காசிச் சந்தையிலே பனங்கிழங்குக் கட்டுகளும் குறைகின்றன. மஞ்சளும் உப்பும் இட்டு அவித்த கிழங்கை, அடுப்பங்கரையில் உட்கார்ந்து தோலுரித்து, நாரெடுத்துத் தின்னும் காலம் இன்னும் சில நாளில் முடிந்துபோகும்.

விபூதிப் புதனும் நெருங்குகிறது. "தபசு காலத்துக்கு எதை விடப் போகிறாய்?" என்று ஞானோபதேச வகுப்பிலே ஒரு சிறுவனைக் கேட்டேன். "பனங்கிழங்கை விட்டுவிடுகிறேன், சாமி" என்றான். பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள். தானாகவே போகிறதை நான் விட்டேன் என்று சொன்னால் அது பரித்தியாகமாகுமா?

ஆகாது என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். பெரியவர்களாகிய நமக்கு மட்டும் வேறென்ன நடக்கிறது? பல்லும், கண்பார்வையும், பெற்றோரும், கடைசியில் உயிரும் நம்மைக் கேட்டுக்கொண்டா போகின்றன? போகிறதைத் தடுக்க நம்மால் ஆகாது. ஆனால் எந்த மனதோடு அதைப் போகவிடுகிறோம் என்பது நம் கையிலே இருக்கிறது. முறுமுறுத்தும் விடலாம், நன்றி சொல்லியும் விடலாம்.

அந்தக் கிழங்கையே பாருங்கள். கிழக்கே உடன்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டு மணலிலே ஆவணி, புரட்டாசியில் புதைத்த பனங்கொட்டை, மார்கழி, தையிலே கிழங்காகிறது. தோண்டாமல் விட்டால் முற்றி நாரேறிவிடும். வாய்க்கு உதவாமற் போனதால் கெட்டுப்போயிற்று என்கிறோம். உண்மையிலே அது மரமாகத் தொடங்கிவிட்டது. பாளை விடுவதற்கு 15, 20 ஆண்டுகள் செல்லும். அதன் பதனீரும் நுங்கும் நம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆகும். நமக்குக் கிடைக்காமற் போனதெல்லாம் வீணாய்ப் போனதல்ல.

ஆனாலும், காலம் முடிந்தபின் விடுவதைவிட, கையில் இருக்கும்போதே கொடுப்பது மேலானது. ஆகையால் அந்தச் சிறுவனுக்கு இப்படிச் சொன்னேன்: "கடைசிக் கட்டு உன் வீட்டுக்கு வரும்போது, பாதியைப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கொடு. மெல்லப் பல்லில்லாவிட்டால், அம்மாவிடம் சொல்லி உரலில் இடித்துக் கொடு. அப்போது நீ பனங்கிழங்கை விட்டாய் என்று நானே சொல்லுவேன்."

அவன் முகம் கொஞ்சம் வாடிற்று. அதனாலேயே அது பரித்தியாகம் என்று எனக்குத் தோன்றியது.

உங்கள் வீட்டிலும் கடைசிக் கட்டு ஒன்று இருக்கும். அதில் பாதி யாருக்கு என்று இன்றைக்கே யோசித்து வையுங்கள். சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக.