பசித்தவர் வாசலில் நிற்கும்போது ஆய்வகத்துக்குப் பணமா?

  

 

ஏழைகள் இத்தனை பேர் இருக்கும்போது, எப்போது பலன் தரும் என்று தெரியாத ஆராய்ச்சிக்குக் கோடி கோடியாகக் கொட்டுவது சரியா என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மார்க்கத்தின் வெளிச்சத்தில் இதற்கு விடை தேடுவோம்.

பலன் தெரியாமல் நட்ட விதை

அரிவாள் அணு இரத்தசோகை என்றொரு பரம்பரை நோய் உண்டு. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுவதால் இரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும். அது இரத்தக் குழாயை அடைத்து, தாங்க முடியாத வலியைக் கொடுக்கும். இந்தியாவில் இந்நோய் முதலில் கண்டறியப்பட்ட இடங்களில் ஒன்று நம் நீலகிரி. 1952-ல் அங்குள்ள பழங்குடி மக்களிடம் அது பதிவானது.

2023-ன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் இதற்கு ஒரு புதிய சிகிச்சையை அனுமதித்தன. நோயாளியின் எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, 'கிரிஸ்பர்' என்ற கருவியால் மரபணுவைத் திருத்தி, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்துகிறார்கள்.

இந்தக் கருவி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1987-ல் ஜப்பானில் ஆய்வாளர்கள் ஒரு பாக்டீரியாவின் மரபணுவில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரிசையைப் பார்த்தார்கள். அது எதற்கு என்று அவர்களுக்கே விளங்கவில்லை. பிறகு ஸ்பெயினில் ஃபிரான்சிஸ்கோ மோகிகா என்ற ஆய்வாளர், உப்பளத்தில் வாழும் நுண்ணுயிர்களிலும் அதே போன்ற வரிசையைக் கண்டு, பல ஆண்டுகள் அதன் பின்னால் அலைந்தார். 2012-ல்தான் ஜெனிஃபர் டௌட்னா, இம்மானுவேல் ஷார்பென்டியர் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் அதை ஒரு கருவியாக்கிக் காட்டினார்கள். 2020-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

உப்பளத்துக் கிருமியை ஆராயப் பணம் கேட்டவரிடம், "இதனால் ஏழைக்கு என்ன லாபம்?" என்று அன்று கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்தப் பணம் வீண் போகவில்லை.

கியாமத் நாள் வந்துவிட்டாலும் கையில் உள்ள கன்றை நட முடிந்தால் நட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். பலனைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நடுவேன் என்பது முஃமினின் குணமல்ல. எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான் என்றும் நபியவர்கள் சொன்னார்கள். இறக்கப்பட்டது இருக்கிறது என்றால், அதைத் தேடுவது நம் வேலை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயா என்றார்கள். ஊரில் ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி.

ஸகாத் வேறு, வக்ஃப் வேறு

அப்படியானால் பசித்தவருக்கு என்ன பதில்? ஃபிக்ஹ் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஸகாத்தைப் பெறும் எட்டு வகையினரைச் சூரா தவ்பாவின் 60-வது வசனத்தில் அல்லாஹ்வே வரையறுத்துவிட்டான். பெரும்பான்மையான இமாம்களின் கருத்துப்படி அந்தப் பணத்தை ஆய்வகக் கட்டடத்துக்கோ கருவிக்கோ கொடுக்க முடியாது. அது ஏழையின் ஹக்கு. ஏழை நோயாளியின் கையில் அதைக் கொடுத்தால், அவர் தம் சிகிச்சைக்குச் செலவழித்துக்கொள்ளலாம்.

ஆராய்ச்சிக்கான வாசல் ஸதகாவும் வக்ஃபும். மனிதன் இறந்த பின்னும் நன்மை நிற்காத மூன்றில், நிலையான தர்மத்தையும் பயன் தரும் கல்வியையும் நபியவர்கள் எண்ணினார்கள். மருத்துவ ஆய்வுக்கான வக்ஃபில் இரண்டும் சேர்ந்துவிடுகின்றன.

இது புதிதல்ல. 1284-ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் மன்சூரி மருத்துவமனையைக் கட்டி, அதற்கு வக்ஃப் சொத்துகளை எழுதி வைத்தார். அங்கு ஏழை, பணக்காரர், ஆண், பெண் எல்லோருக்கும் சிகிச்சை கிடைத்தது. மருத்துவமும் கற்பிக்கப்பட்டது. இதயத்தின் வலப்பக்க இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் வருகிறது என்று எழுதிய இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்கள் அதே நகரில் வாழ்ந்தார். அவர் மருத்துவர் மட்டுமல்ல, ஷாஃபிஈ ஃபிக்ஹ் கற்பித்த ஆலிமும் கூட. 1288-ல் வஃபாத்தாகும்போது தம் வீட்டையும் நூலகத்தையும் அந்த மருத்துவமனைக்கே கொடுத்துச் சென்றார்.

கொடுப்பவரின் நிபந்தனை

சகோதரர்களே! கவலைப்பட வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. அந்தப் புதிய சிகிச்சைக்கு அமெரிக்காவில் வைத்த விலை 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 18 கோடி ரூபாய். அரிவாள் அணு நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருக்கிறார்கள். நீலகிரியின் ஒரு பழங்குடித் தாய்க்கு இந்த மருந்து இருந்தும் இல்லாததுதான்.

கம்பெனியும் செலவு செய்திருக்கிறது, அதற்கு லாபம் ஹலால்தான். ஆனால் அதன் அடித்தளத்தில் பல நாட்டு மக்களின் வரிப்பணம் கிடக்கிறது. அந்த மக்களுக்கு அதில் பங்கு இல்லையா?

வக்ஃப் செய்தவர் வைத்த நியாயமான நிபந்தனையை மீறக்கூடாது என்பது ஃபுகஹாக்களின் விதி. ஆய்வுக்குப் பணம் தருபவரும், "இதன் பலன் ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைக்க வேண்டும்" என்று முதலிலேயே எழுதி வாங்கலாமே. நடக்காத காரியமல்ல இது. சுமார் 300 கோடி டாலர் திட்டமாக 1990-ல் தொடங்கி 2003-ல் முடிந்த மனித மரபணுத் திட்டத்தில், கண்டறிந்த வரிசைகளை 24 மணி நேரத்துக்குள் உலகுக்கே திறந்துவிட வேண்டும் என்று 1996-ல் முடிவெடுத்தார்கள். இன்றும் எந்த நாட்டு மாணவரும் அதை இலவசமாகப் படிக்கலாம். கல்வியை மறைப்பவருக்கு நபியவர்கள் விடுத்த எச்சரிக்கையை நாம் அறிவோம். உயிர் காக்கும் கல்வியை விலையால் மறைப்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

டெல்லியில் உள்ள ஐ.ஜி.ஐ.பி. என்ற அரசு ஆய்வகத்தில் இதே நோய்க்குக் குறைந்த செலவில் கிரிஸ்பர் சிகிச்சை உருவாக்க உழைக்கிறார்கள். இப்படிப்பட்ட முயற்சிகளுக்காக துஆச் செய்வோம். அரசு இவற்றுக்குக் கூடுதலாக ஒதுக்க வேண்டும் என்று குரல் கொடுப்போம். ஸகாத்தை ஏழைக்குக் குறைவின்றிக் கொடுப்போம். அதற்கு மேல் வசதி உள்ளவர்கள் ஸதகாவிலோ, மூன்றில் ஒரு பங்குக்குள் செய்யும் வஸிய்யத்திலோ மருத்துவ ஆய்வுக்கு, ஏழைக்கும் பலன் என்ற நிபந்தனையோடு, ஒரு பகுதியை ஒதுக்கட்டும். உயிரியல் படிக்க ஆசைப்படும் பிள்ளையை, "சம்பளம் வருமா?" என்ற ஒற்றைக் கேள்வியால் தடுத்துவிடாதீர்கள்.

ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போலாவார் என்ற கருத்தைக் குர்ஆன் நமக்குத் தருகிறது. அந்த நன்மையில் நமக்கும் ஒரு பங்கை வல்ல அல்லாஹ் தருவானாக! நோயாளிகள் அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.